ஆகாஷ் பலகைக் கணினியின் திருத்திய பதிப்புகள்

ஆகாஷ் என்பது இந்திய நடுவண் அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (2020 முதல் கல்வி அமைச்சகம்) கல்லூரி மாணவர்களுக்காக உருவாக்கச் செய்த குறைந்த விலைப் பலகைக் கணினி ஆகும். இதன் முதற்பதிப்பு 2011 அக்டோபர் 5 அன்று புது தில்லியில் வெளியிடப்பட்டது. ஆகாஷ் 2 எனப்பட்ட திருத்திய பதிப்பு 2012 நவம்பர் 11 அன்று வெளியானது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட பதின்மூன்று மாதங்களில், அடுத்த பதிப்பின் பெயர், விலை, வேகம், வெளியீட்டு நாள் ஆகியவை பற்றி ஏராளமான ஊகங்கள் நாளிதழ்களிலும் மாணவர்களிடையேயும் உலவின. பின்னர் ஆகாஷ் 3, ஆகாஷ் 4 என்ற பெயர்களும் பேசப்பட்டன. ஆனால் அவை மாணவர் கைக்கு வந்து சேரவில்லை.

ஒரு கையடக்கக் கருவியின் திருத்திய பதிப்புக்குப் பெயரிடுதல், அதில் உண்மையில் மேம்படுபவை, அவற்றைப் பற்றிய ஊகங்கள் எழும் விதம், அவ்வூகங்களால் வாங்குவோர் அடையும் இழப்பு ஆகியவற்றை அறிய ஆகாஷ் ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

குறைந்த விலையில் மக்களுக்கான கையடக்கக் கணினி என்னும் எண்ணம் இந்தியாவில் ஆகாஷுக்கு முற்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் இணைந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2001 இல் அறிமுகமானது. லினக்சு இயங்குதளத்தில் இயங்கிய அக்கருவி, 2004 இல் பாரத் மின்னணு நிறுவனத்தின் தயாரிப்பாக 'அமிடா சிம்ப்யூட்டர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அசைவை உணரும் உணரி அதில் இருந்ததால், கருவியைச் சாய்த்தே ஆடும் விளையாட்டுகளும் அதில் இடம்பெற்றன. திறன்பேசிகளில் அவ்வசதி பரவலாவதற்குச் சில ஆண்டுகள் முந்திய செய்தி இது. எனினும் அதன் விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கியது. கருவி பரவலாக விற்கவில்லை.

2005 இல் நிக்கோலசு நெக்ரோபாண்டி 'குழந்தைக்கொரு மடிக்கணினி' என்ற திட்டத்தை அறிவித்தார். '100 டாலர் மடிக்கணினி' என்றே உலகம் அதனை அழைத்தது. 2006 இல் இந்திய அரசு அத்திட்டத்தில் சேர மறுத்து, உள்நாட்டிலேயே விலை குறைந்த கருவி ஒன்றை உருவாக்க முற்பட்டது. அம்முயற்சி, தகவல் தொடர்புத் தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின் ஒரு பகுதியாயிற்று.

2009 பிப்ரவரி 3 அன்று திருப்பதியில் அவ்வியக்கம் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே '10 டாலர் மடிக்கணினி' வரப்போகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. விழாவில் காட்டப்பட்ட கருவியோ, எதிர்பார்க்கப்பட்ட முழுமையான மடிக்கணினியாக இல்லை. அவ்வியக்கத்தின் ஒரு பகுதி 'சாக்ஷாத்' என்ற கல்வி வலைவாசல் ஆகும். பின்னாளில் ஆகாஷ் பற்றி எழுந்த ஊகங்களுக்கெல்லாம் இதனை முன்னோட்டம் எனலாம். கருவி வருமுன் விலை வந்துவிட்டது.

2010 சூலை 22 அன்று அப்போதைய அமைச்சர் கபில் சிபல் 35 டாலர் மதிப்பிலான தொடுதிரைக் கருவியின் மாதிரியை வெளியிட்டார். பின்னர் ஒப்பந்தப்புள்ளி வழியாக டேட்டாவிண்டு நிறுவனம் தயாரிப்பாளராகத் தேர்வு பெற்றது. இராசத்தான் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் திட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றது.

முதற்பதிப்பு

2011 இல் வெளியான ஆகாஷ் கருவியின் கூறுகள் பின்வருமாறு:

- திரை: 7 அங்குலம், 800 × 480 படப்புள்ளிகள், அழுத்தத்தால் இயங்கும் மின்தடைத் தொடுதிரை
- நுண்செயலி: 366 மெகாஹெர்ட்சு, ஆர்ம் 11 வகை
- நினைவகம்: 256 மெகாபைட்டு
- சேமிப்பகம்: 2 கிகாபைட்டு, மேலும் நினைவட்டைச் செருகி
- இயங்குதளம்: ஆண்ட்ராய்டு 2.2
- இணைப்பு: வை-ஃபை, இரண்டு யூ.எஸ்.பி. செருகிகள்
- மின்கலம்: 2,100 மில்லி ஆம்பியர் மணி

அரசு ஒரு கருவிக்குக் கொடுத்த விலை, வரி முதலியன உட்பட, ஏறத்தாழ 2,276 ரூபாய் ஆகும். அந்நாளில் இது சுமார் 50 டாலர் எனக் குறிக்கப்பட்டது. 35 டாலர் என்பது மானியத்துக்குப் பின் மாணவர் தர வேண்டிய தொகைக்கான இலக்காகவே நின்றது. ஆயினும் '35 டாலர் கணினி' என்ற அடைமொழி கடைசிவரை நீங்கவில்லை.

பெயர்கள்

இக்கருவிக்கு ஒரே காலத்தில் பல பெயர்கள் வழங்கின. குழப்பத்தின் வேர் இதுவே.

அரசுக் கோப்புகளில் இதன் பெயர் 'குறைந்த விலை அணுக்க மற்றும் கணிப்புக் கருவி' என்னும் பொருள்படும் நீண்ட ஆங்கிலத் தொடராக இருந்தது. அதன் முதலெழுத்துச் சுருக்கமே ஒப்பந்த ஆவணங்களில் ஆளப்பட்டது. 2010 ஆம் ஆண்டு மாதிரியைச் செய்தியாளர்கள் வலைவாசலின் பெயராலேயே 'சாக்ஷாத்' என்றனர். 'கண்ணெதிரே' என்பது அவ்வடசொல்லின் பொருள். 2011 வெளியீட்டில்தான் 'ஆகாஷ்' என்ற பெயர் நிலைத்தது. வானத்தைக் குறிக்கும் இவ்வடசொல்லின் தமிழ் வடிவம் ஆகாயம் ஆகும். இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஏவுகணை ஒன்றுக்கும் ஆகாஷ் என்பதே பெயர் என்பதால், தலைப்பை மட்டும் படிப்போர் சில வேளைகளில் மயங்க நேர்ந்தது.

டேட்டாவிண்டு நிறுவனம் இதே குடும்பத்தைச் சேர்ந்த கருவிகளைக் கடைச் சந்தைக்கு 'யுபிசிலேட்' என்ற வணிகப் பெயரில் கொண்டுவந்தது. சிலேட்டு என்பது தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் தலைமுறைகளாகப் பழகிய எழுதுபலகை ஆதலால் இப்பெயர் தமிழருக்கு அந்நியமன்று. யுபிசிலேட் 7, யுபிசிலேட் 7+, யுபிசிலேட் 7சி என அவ்வரிசை விரிந்தது. இப்பெயர்களில் உள்ள 7 என்பது திரையின் அளவேயன்றித் தலைமுறை எண் அன்று. கூட்டல் குறி மேம்பாட்டைக் குறித்தது.

இவ்வாறு ஒரு பெயர் கோப்புக்கும், ஒரு பெயர் மாணவர்க்கும், ஒரு பெயர் கடைக்குமாக அமைந்தன. 'ஆகாஷின் மேம்பட்ட பதிப்பு' என்று ஒருவர் சொன்னால் அது யுபிசிலேட் 7+ ஆகவும் இருக்கலாம், இனிவரும் ஆகாஷ் 2 ஆகவும் இருக்கலாம்.

ஆகாஷ் 2 பற்றிய ஊகங்கள்

2011 திசம்பரில் டேட்டாவிண்டு முதல் ஆகாஷை இணையவழி 2,500 ரூபாய்க்கு விற்றதுடன், யுபிசிலேட் 7+ கருவிக்கு 2,999 ரூபாய் என்ற விலையில் முன்பதிவையும் தொடங்கியது. புதிய கருவியில் 700 மெகாஹெர்ட்சு வேகமுள்ள கார்ட்டெக்சு ஏ8 வகை நுண்செயலியும், ஆண்ட்ராய்டு 2.3 இயங்குதளமும், 3,200 மில்லி ஆம்பியர் மணி மின்கலமும், கைப்பேசி வலையமைப்பில் இணையும் வசதியும் இருக்கும் என அறிவிக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள் 14 இலட்சம் முன்பதிவுகள் வந்ததாக நிறுவனம் கூறியது. கருவிகள் உரிய காலத்தில் வந்து சேராததால் முறைப்பாடுகள் எழுந்தன.

இதே கூறுகளை நாளிதழ்கள் ஆகாஷ் 2 இன் கூறுகளாக எழுதின. அரசின் பதிப்பும் 700 மெகாஹெர்ட்சு நுண்செயலியும் 3,200 மில்லி ஆம்பியர் மணி மின்கலமும் கொண்டிருக்கும் என்ற ஊகம் இப்படித்தான் பிறந்தது. 2012 இன் முற்பாதியிலேயே அது வரும் என்ற பேச்சும் எழுந்தது. நாட்கள் தள்ளிக்கொண்டே போயின.

தாமதத்திற்குக் காரணங்கள் இருந்தன. கீழே விழுதல், மழை, வெப்பம் ஆகியவற்றைத் தாங்கும் கடுமையான சோதனைகளில் கருவி தேற வேண்டும் என இராசத்தான் கழகம் எதிர்பார்த்தது. ஒப்பந்தத்தில் அத்தகைய தேவைகள் இல்லை என்பது தயாரிப்பாளரின் வாதம். இப்பூசல் தீராத நிலையில் 2012 இல் பொறுப்பு மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு மாற்றப்பட்டது. அங்குப் பேராசிரியர் தீபக் பாதக் தலைமையில் பணி தொடர்ந்தது. இலக்கணக்கூறுகள் மீண்டும் எழுதப்பட்டன. ஆகவே 2012 தொடக்கத்தில் சரியாக இருந்த ஊகங்கள் கூட ஆண்டின் இறுதியில் பிழையாயின.

மேம்பாடுகள்

2012 நவம்பர் 11 அன்று, தேசியக் கல்வி நாளில், அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்சி ஆகாஷ் 2 கருவியை வெளியிட்டார். அதே மாதம் 28 ஆம் நாள் நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் அவையிலும் அது காட்சிப்படுத்தப்பட்டது. முதற்பதிப்புடன் ஒப்பிட, அதன் மேம்பாடுகள் பின்வருமாறு அமைந்தன.

நுண்செயலி: வேகம் 366 மெகாஹெர்ட்சிலிருந்து 1 கிகாஹெர்ட்சாக உயர்ந்தது. வெறும் எண்ணைப் பார்த்தால் இது 2.7 மடங்கு. ஆனால் நுண்செயலியின் கட்டமைப்பும் மாறியது. ஆர்ம் 11 வகை ஒரு துடிப்பில் ஒரு கட்டளையைத் தொடங்கக்கூடியது. கார்ட்டெக்சு ஏ8 வகை ஒரே துடிப்பில் இரண்டு வரை தொடங்க வல்லது. ஆர்ம் நிறுவனத்தின் சோதனை அளவீட்டில் ஒரு மெகாஹெர்ட்சுக்கு முன்னது 1.25, பின்னது 2.0 என்ற மதிப்பைப் பெறுகின்றன. எனவே 366 × 1.25 = 457 என்பது 1,000 × 2.0 = 2,000 ஆகிறது. அதாவது கணிக்கும் திறன் நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இரு கருவிகளை வேக எண்ணால் மட்டும் ஒப்பிடக்கூடாது என்பதற்கு இது எளிய சான்று.

நினைவகம்: 256 மெகாபைட்டு 512 ஆகவும், சேமிப்பகம் 2 கிகாபைட்டு 4 ஆகவும் இரட்டித்தன. நினைவகத்தின் ஒரு பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்வதால், பயனருக்குக் கிடைத்த இடம் இரண்டு மடங்கைவிடக் கூடுதலாகவே உயர்ந்தது எனலாம்.

தொடுதிரை: முதற்பதிப்பின் மின்தடைத் திரை, சிறு இடைவெளியுடன் அமைந்த இரண்டு கடத்துப் படலங்களால் ஆனது. விரல் அழுத்தும்போது மேற்படலம் கீழ்ப்படலத்தைத் தொட, அவ்விடத்தின் மின்னழுத்தத்தைக் கொண்டு இடம் கணிக்கப்படும். நகத்தாலும் எழுதுகோலாலும் கூட அதனை இயக்கலாம். ஆனால் அழுத்த வேண்டும். இரு விரல் அசைவுகளை அது சரியாக உணராது. ஆகாஷ் 2 இன் மின்தேக்கத் திரை, விரலின் அண்மையால் ஏற்படும் மின்தேக்க மாற்றத்தை உணர்கிறது. மெல்லத் தொட்டாலே போதும். படப்புள்ளிகளின் எண்ணிக்கை 800 × 480 ஆகவே நீடித்தபோதும், கருவி 'புதியது' என்ற உணர்வை மாணவர்க்கு அளித்தது இம்மாற்றமே எனலாம்.

மின்கலம்: முதற்பதிப்பின் 2,100 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்தின் ஆற்றல், 3.7 வோல்ட்டில், ஏறத்தாழ 7.8 வாட் மணி ஆகும். மூன்று மணி நேரம் இயங்க வேண்டுமாயின் கருவி சராசரியாக 2.6 வாட்டுக்கு மேல் செலவிடக்கூடாது. வேகமான நுண்செயலி வந்தபோதும் ஆகாஷ் 2 க்கும் ஏறத்தாழ மூன்று மணி நேரமே குறிக்கப்பட்டது. மேம்பாட்டின் பயன் முழுவதும் வேகத்திற்கே சென்றது. இயங்கும் நேரத்திற்கு அன்று.

இயங்குதளம்: ஆண்ட்ராய்டு 2.2 க்கு மாற்றாக 4.0 அமைந்தது. தமிழ் மாணவர்க்கு இதுவே மிகப் பெரிய மேம்பாடு. ஒருங்குறியில் 'கொ' என்ற எழுத்து, ககரமும் அதனைத் தொடரும் ஒகரக் குறியும் என இரண்டு குறிகளாகவே சேமிக்கப்படும். திரையில் அக்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் கால் பின்னுமாக வரவேண்டும். இதனைச் செய்வது எழுத்துக்கோப்பு மென்பொருள் ஆகும். ஆண்ட்ராய்டு 2.2 இல் தமிழ் எழுத்துருவும் இல்லை, அதற்கான எழுத்துக்கோப்பும் இல்லை. தமிழ்ப் பக்கங்கள் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தன. அக்காலப் பயனர் பலர் ஓப்பெரா மினி உலாவியில், எழுத்துகளைப் படமாக மாற்றித் தரும் ஓர் அமைப்பைக் கொண்டே தமிழ் படித்தனர். ஆண்ட்ராய்டு 4 வரிசையில் இக்குறை நீங்கலாயிற்று. வேக எண்களையே சுற்றிவந்த ஊகங்களில் இம்மேம்பாடு பேசப்பட்டது அரிது.

விலை: அரசு கொடுத்த விலை 2,263 ரூபாய். ஓராண்டுக்கு முந்தைய விலையுடன் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் டாலருக்கு நிகரான உரூபாயின் மதிப்பு இடையில் குறைந்திருந்ததால் டாலர்க் கணக்கில் அது 42 ஐ ஒட்டி நின்றது. மானியம் போக மாணவர் செலுத்த வேண்டிய தொகை 1,130 ரூபாய் என அறிவிக்கப்பட்டது.

கையடக்க விளையாட்டுக் கருவிகளுடன் ஒப்பீடு

திருத்திய பதிப்புக்குப் பெயரிடுவதில் ஏறக்குறைய எல்லா வழிகளையும் கையாண்ட துறை கையடக்க நிகழ்பட விளையாட்டுக் கருவிகளின் துறையே. அதில் மூன்று வழக்கங்களைக் காணலாம்.

முதலாவது, பெயருடன் ஓர் ஒட்டைச் சேர்த்தல். 2004 இல் வந்த நிண்டெண்டோ டி.எஸ். கருவி 2006 இல் 'டி.எஸ். லைட்' ஆகவும், 2008 இல் 'டி.எஸ்.ஐ' ஆகவும் வெளியானது. லைட் என்பதில் மாறியவை வடிவமும் திரை ஒளியுமே. விளையாட்டுகள் அதேபோல் இயங்கின. ஆனால் டி.எஸ்.ஐ இல் நுண்செயலியின் வேகம் 67 இலிருந்து 133 மெகாஹெர்ட்சாகவும், நினைவகம் 4 இலிருந்து 16 மெகாபைட்டாகவும் உயர்ந்தன. பழைய கேம் பாய் அட்வான்சு செருகி நீக்கப்பட்டது. டி.எஸ்.ஐ இல் மட்டுமே இயங்கும் விளையாட்டுகளும் வந்தன. ஒரே எழுத்து ஒட்டுக்குள் இத்தனை மாற்றம் மறைந்திருந்தது.

இரண்டாவது, பெயரை மாற்றாமல் வகை எண்ணை மட்டும் மாற்றுதல். சோனியின் பி.எஸ்.பி. கருவி 1000, 2000, 3000 என வந்தது. 2007 இல் வெளியான 2000 வகையில் நினைவகம் 32 இலிருந்து 64 மெகாபைட்டாக இரட்டித்தது. பெட்டியின் மீதுள்ள பெயரோ அதே பி.எஸ்.பி. தான். 2011 இல் விலையைக் குறைத்து வந்த இ1000 வகையில் வை-ஃபை வசதி நீக்கப்பட்டிருந்தது. புதிய பதிப்பு என்றால் எல்லாம் கூடும் என்று கொள்ளக்கூடாது.

மூன்றாவது, எண்ணிட்டுத் தலைமுறையைக் காட்டுதல். 'பி.எஸ்.பி. 2' வரும் என்று பலரும் ஊகித்திருக்க, 2011 இல் சோனி அதனை 'வீட்டா' என்ற புதிய பெயரில் வெளியிட்டது. நிண்டெண்டோ சுவிட்ச் கருவிக்கு 'சுவிட்ச் புரோ' என்ற மேம்பட்ட பதிப்பு வரும் என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது. 2021 இல் வந்ததோ முதன்மையாகத் திரை மேம்பட்ட பதிப்பு. மெய்யான அடுத்த தலைமுறை 2025 சூன் 5 அன்று 'சுவிட்ச் 2' என்ற பெயரில் வெளியானது. ஊகித்தவர்கள் தொழில்நுட்பத்தை ஓரளவு சரியாகக் கணித்தனர். பெயரையும் நாளையும் பிழையாகக் கணித்தனர்.

ஆகாஷ் இம்மூன்றையும் ஒருங்கே பின்பற்றியது. அரசுப் பதிப்பு எண் பெற்றது, கடைப் பதிப்பு ஒட்டுப் பெற்றது, கோப்பு தன் சுருக்கப் பெயரையே வைத்துக்கொண்டது.

ஊகங்களின் மூலங்கள்

வெளிவராத கருவியைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் பின்வரும் இடங்களிலிருந்து கிடைக்கின்றன.

- ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள்: அரசுக் கருவியெனில் இவையே நம்பத்தக்கவை. ஆயினும் இவை கேட்கப்படுவதைக் காட்டுமேயன்றிக் கிடைக்கப்போவதைக் காட்டா.
- சான்றளிப்புப் பதிவுகள்: கட்டாயப் பதிவு ஆணையின்படி, நிகழ்பட விளையாட்டுக் கருவிகளும் பலகைக் கணினிகளும் மடிக்கணினிகளும் இந்தியத் தர நிர்ணயப் பணியகத்தில் பதிவு பெற்ற பின்பே விற்கப்பட வேண்டும். அப்பதிவில் வகை எண் வெளிப்படும். வணிகப் பெயர் வெளிப்படவேண்டியதில்லை.
- சுங்கப் பதிவுகள்: இந்தியாவுக்கு வரும் சோதனைப் பலகைகளின் விவரங்கள் ஜௌபா போன்ற இறக்குமதித் தரவுத் தளங்கள் வழியே கசிந்து, உலகத் தொழில்நுட்பச் செய்திகளுக்கு மூலமாக அமைந்ததுண்டு.
- தயாரிப்பாளர், அமைச்சர் ஆகியோரின் பேச்சுகள்: இவை பெரும்பாலும் இலக்கைச் சொல்வன. இலக்கு, செய்தியில் வாக்குறுதியாக மாறிவிடுகிறது.

படிப்பவர் ஒவ்வொரு செய்தியிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இது எந்தப் பெயருக்குரிய கருவி? சொல்பவர் ஆவணத்தைப் பார்த்துச் சொல்கிறாரா, இன்னொரு செய்தியைப் பார்த்துச் சொல்கிறாரா? சொல்லப்படும் எண் கிடைத்த அளவா, கேட்கப்பட்ட அளவா?

முன்னறிவிப்பின் விளைவு

மேம்பட்ட பதிப்பை முன்கூட்டியே அறிவிப்பது இருக்கும் பதிப்பின் விற்பனையைக் கெடுக்கும். இதனை ஆசுபார்ன் விளைவு என்பர். 1983 இல் அமெரிக்காவின் ஆசுபார்ன் நிறுவனம் தன் அடுத்த கணினிகளைப் பற்றி முன்கூட்டியே பேசியதால் இருந்த கணினியின் விற்பனை சரிந்து நொடித்துப்போனது என்ற பரவலான கருத்திலிருந்து இப்பெயர் வந்தது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன என்று கருதுவோரும் உளர்.

முதல் ஆகாஷ் வெளியான இரண்டே மாதங்களில் அதைவிட மேம்பட்ட கருவி வெறும் 499 ரூபாய் கூடுதல் விலையில் அறிவிக்கப்பட்டது. அன்றே முதற்பதிப்பு பழையதாயிற்று. வாங்கியவர் வருந்தினார், வாங்காதவர் காத்திருந்தார். ஒரு குடும்பம் பிள்ளையின் படிப்புக்கென ஒதுக்கிய மூவாயிரம் ரூபாய், பதிவுப் பட்டியலில் நிற்கும் பெயராக மாதக்கணக்கில் உறைந்து கிடப்பது சிறிய செய்தியன்று. கல்வியாண்டு காத்திருப்பதில்லை.

தமிழகமும் மலைப்பகுதிகளும்

ஆகாஷ் வெளியாவதற்கு இருபது நாட்களுக்கு முன், 2011 செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட இம்மடிக்கணினிகள் ஆகாஷைவிடப் பல மடங்கு விலையுள்ளவை. விசைப்பலகையும் முழுமையான தமிழ் வசதியும் கொண்டவை. இதனால் தமிழக மாணவரிடையே ஆகாஷ் குறித்த எதிர்பார்ப்பு பிற மாநிலங்களின் அளவுக்கு இருக்கவில்லை எனலாம்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்துள்ள சவ்வாது மலையை எடுத்துக்கொண்டால் எந்த மேம்பாடு பயனுள்ளது என்பது தெளிவாகும். சமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்தவை. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயிலும் மாணவர்க்கு வை-ஃபை மட்டும் கொண்ட கருவி இணையக் கருவி ஆகாது. முன்பே நிரப்பிய பாடங்களைக் காட்டும் பலகையே ஆகும். அங்கு 1 கிகாஹெர்ட்சு வேகத்தைவிட, மூன்று மணி நேரம் ஆறு மணி நேரமாவதும், நினைவட்டையில் தமிழ்ப் பாடங்கள் இருப்பதும், பழுது பார்க்க ஆள் கிடைப்பதுமே பெரிய மேம்பாடுகள். தாங்குதிறன் பற்றி இராசத்தான் கழகம் எழுப்பிய கேள்வியும், விலைக்கு அது பொருந்துமா என்பது வேறாயினும், இவ்வகையில் தேவையற்றதன்று.

இதே மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் மேம்பாட்டின் மற்றொரு முறையைக் காட்டுகிறது. 1986 இல் செயற்பாட்டுக்கு வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி அதேதான். ஒளிப்படத் தகடுகளின் இடத்தை மின்னணு உணரிகள் பிடித்தன. கருவி மேம்பட்டது, பெயர் மாறவில்லை. நீண்ட காலம் பயன்பட வேண்டிய பொதுச் சொத்துக்கு உறுப்புகளை மாற்றும் முறையே ஏற்றது. ஓராண்டில் பழையதாகும் கருவிக்கோ புதிய எண் தேவைப்படுகிறது.

விமர்சனங்கள்

- ஆகாஷ் 2 கருவிகள் சீனாவில் செய்யப்பட்டவை என 2012 நவம்பரில் செய்திகள் வெளியாயின. காலக்கெடுவைக் காக்க முதற்கட்டக் கருவிகளின் பாகங்களைச் சீனாவில் தயாரித்து, இறுதிப் பொருத்துதலை இந்தியாவில் செய்ததாக டேட்டாவிண்டு விளக்கியது.
- இராசத்தான் கழகத்திடம் திட்டம் ஒப்படைக்கப்பட்ட முறையை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் குறை கூறினார்.
- கருவியின் விலைக்கு அளித்த கவனம் பாடப்பொருளுக்கு அளிக்கப்படவில்லை என்று கல்வியாளர் பலர் கருதினர். அமைச்சர் பல்லம் ராஜுவும் 2013 இல் வன்பொருளையே பெரிதாகக் கருத வேண்டியதில்லை என்ற பொருள்படப் பேசினார்.

மறுபுறம், மும்பை கழகம் நிரலாக்கம் கற்பதற்கான மென்பொருள்கள், வகுப்பறை வினாடி வினா மென்பொருள் முதலியவற்றை உருவாக்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது. இக்கருவியில் லினக்சை இயக்கும் முயற்சியும் அங்கு நடைபெற்றது. விலை குறைந்த பலகைக் கணினிக்கு இந்தியாவில் பெருந்தேவை உண்டு என்பதைப் பிற நிறுவனங்களுக்கு உணர்த்தியதும் ஆகாஷின் பயன்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

ஆகாஷ் 3, ஆகாஷ் 4

2013 தொடக்கத்தில் ஆகாஷ் 3 பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. லினக்சு, ஆண்ட்ராய்டு ஆகிய இரண்டும் அதில் இயங்கும், கைப்பேசி அட்டைச் செருகி இருக்கும் என்றெல்லாம் எழுதப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் அரசு வெளியிட்ட வரைவு இலக்கணக்கூறுகளில் இருந்த பெயர் 'ஆகாஷ் 4' ஆகும். மூன்றாம் எண் மாணவரைச் சேராமலே கடந்து சென்றது.

மும்பை கழகத்தின் வழியாக டேட்டாவிண்டு வழங்கிய ஒரு இலட்சம் ஆகாஷ் 2 கருவிகளுடன் கொள்முதல் நின்றது. 2015 மார்ச்சு 31 உடன் திட்டம் முடிவுற்றது. நாட்டின் கல்லூரி மாணவர் அனைவருக்கும் ஒரு கருவி என்ற இலக்கு நிறைவேறவில்லை. எண்களும் ஒட்டுகளும் தலைப்புகளில் முன்னேறிக்கொண்டிருக்க, வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை அதனுடன் முன்னேறவில்லை என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

இவற்றையும் பார்க்க

- சிம்ப்யூட்டர்
- குழந்தைக்கொரு மடிக்கணினி
- பலகைக் கணினி
- ஆண்ட்ராய்டு இயங்குதளம்
- தமிழ் ஒருங்குறி
- நிண்டெண்டோ டி.எஸ்.
- சவ்வாது மலை